பெண்கள் பத்தியில் ஓர் ஏற்றம்

போன மாதம் புள்ளியியல் துறைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். உள்ளாட்சிகளில் வேலை பார்ப்பவர்களின் எண்ணிக்கை மாநிலத்தில் ஆண்டுக்கு ஆண்டு எப்படி ஏறியது, எப்படி இறங்கியது என்று கணினியில் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறாராம். வட்டாரத்துக்கு ஒரு கோடு. உத்திரமேரூர்க் கோட்டில் இரண்டு இடங்கள் அவருக்கு உறுத்தியிருக்கின்றன.

ஒன்று, எண்பதுகளின் தொடக்கத்தில் விழும் பெரிய பள்ளம். அதன் காரணம் அவருக்கே தெரிந்திருந்தது. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசுப் பணியாளர்களாக மாற்றப்பட்ட சமயம் அது. ஒருவரும் வேலை இழக்கவில்லை. எண்ணப்படும் இடம்தான் மாறியது. மற்றது, அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் 'பகுதிநேரம் – பெண்' என்ற பத்தியில் திடீரென்று ஓர் ஏற்றம். அதே ஆண்டு 'பகுதிநேரம் – ஆண்' பத்தியில் ஏறக்குறைய அதே அளவு இறக்கம். பக்கத்து வட்டாரங்களில் அப்படி இல்லை. பொருத்தமான அரசாணையும் கிடைக்கவில்லை. பத்தி மாற்றி எழுதிய பிழை என்று வைத்துக்கொண்டு, முந்தைய ஆண்டுகளைப் பார்த்துச் சமன் செய்துவிடலாமா என்று கேட்டிருந்தார். அறிக்கையில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்ததாம்.

மூன்று வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு நாட்குறிப்பை எடுத்துப் படித்த பிறகு மூன்று வரி போதாது என்று தோன்றியது. அவருக்கு எழுதியதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நான் கணிதம் படித்தவன். தேர்வு எழுதி, சென்னையில் சில வாரப் பயிற்சி முடித்து, எழுபதுகளின் நடுவில் உத்திரமேரூரில் புள்ளியியல் உதவியாளராகச் சேர்ந்தேன். பயிற்சியில் சராசரி சொன்னார்கள், மாதிரி எடுப்பது சொன்னார்கள். ஒரு படிவத்தை யார், எங்கே உட்கார்ந்து, எதைப் பார்த்து நிரப்புகிறார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒரு மேசை, இரண்டு பீரோ, கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரம் ஒன்று. இவ்வளவுதான் என் அலுவலகம். மழையளவு, விளைச்சல், சந்தை விலை எல்லாம் ஆண்டு முழுவதும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை உள்ளாட்சிப் பணியாளர் கணக்கு.

அது நான்கு பக்கப் படிவம். மார்ச் 31 அன்று பணியில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதே கேள்வி. இடது ஓரத்தில் பணியின் பெயர். பிறகு முழுநேரம் ஆண், பெண், பகுதிநேரம் ஆண், பெண், கடைசியில் காலி. ஜூன் மாதம் பள்ளி திறந்த பின் ஒரு திங்கட்கிழமை எல்லா ஊர் எழுத்தர்களும் கூட்டத்துக்கு வருவார்கள். வந்ததும் முதலில் கேட்பது போன ஆண்டுப் படிவத்தின் நகலைத்தான். நானே எடுத்துக் கொடுப்பேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் வரியை எழுதி, கீழே 'மேற்படி', 'மேற்படி' என்று இறக்குவார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லா ஊரும் முடிந்துவிடும். மாவட்டத்திலேயே எங்கள் வட்டாரக் கணக்குதான் முதலில் போய்ச் சேரும். அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்த ஆண்டு முடிவதற்குள் பத்து ஊருக்கு ஒன்றை நான் நேரில் போய்ச் சரிபார்த்து, பச்சை மையில் டிக் போட வேண்டும் என்பது விதி.

எனக்கு மேலதிகாரி தணிகாசலம் சார். அப்போது செங்கற்பட்டு மாவட்டம், அலுவலகம் காஞ்சிபுரத்தில். கூரத்திலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம் என்றிருக்கும் பென்சில் ஒன்று வைத்திருப்பார். கூட்டலை எப்போதும் கீழிருந்து மேலாகப் போடுவார். மேலிருந்து போட்டால், கீழே எழுதியிருக்கும் விடைக்குக் கண் தானாக வந்து சேர்ந்துவிடும் என்பார். ஒரு கட்டத்தில் நான் வெறும் கோடு போட்டிருந்தால் படிவத்தைத் திருப்பி வைத்து, "இங்க சைபரா, பார்க்கலையா?" என்று கேட்பார். அவ்வளவுதான். அதற்குமேல் பேசமாட்டார். பதில் சொல்லும்வரை காத்திருப்பார்.

எழுபதுகளின் பிற்பாதியில் ஓர் ஆண்டு, ஜூன் கூட்டம் முடிந்த சில நாட்களில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பள்ளிகளில் பகுதிநேரமாகப் பெருக்குபவர்கள், மார்ச் 31 கணக்கில் பணியில் இருப்பதாகக் காட்டப்பட்டிருந்தால் அப்படியே தொடரலாம். காலி என்று காட்டிய இடங்களில் புதிய ஆளை வைத்துக்கொள்ளலாம். எங்கள் கணக்கை ஒருவர் எடுத்துப் பார்த்து ஒரு காரியம் செய்யப்போகிறார் என்று நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பெண் வந்து கதவோரம் நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் கன்னியம்மாள். ஊர்ப்பெயரை எழுத விரும்பவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த ஓர் ஊர்.

"சார், எங்க ஊரு இஸ்கூல்ல ஒம்போது வருசமா நான்தான் பெருக்கிக்கினு கீறேன். இப்போ எடம் காலி, நீ வராதன்றாங்க. காலின்னா இன்னா சார்? நான் நின்னுக்கினு கீறனே."

படிவத்தை எடுத்தேன். 'துப்புரவு, பகுதிநேரம் – ஆண்' என்ற கட்டத்தில் முந்தின ஆண்டுகளில் எல்லாம் 1. இந்த ஆண்டு 0. காலி 1. பெண் கட்டத்தில் என்றைக்கும் ஒன்றும் இல்லை. பள்ளிப் பதிவில் இருந்த பெயர் ஏழுமலை. யார் என்று கேட்டேன். அவருடைய கணவர். தை மாதம் காய்ச்சலில் இறந்துபோயிருந்தார்.

அப்படியானால் வேலை பார்த்தது கணவர்தானே என்றேன்.

"அவரு எங்க சார் பெருக்கினாரு? அவரு வண்டி ஓட்டிக்கினு இருந்தாரு. மொத மொத பேரு எழுத சொல்ல, வூட்டு ஆம்பள பேரச் சொல்லுன்னாங்க. சொன்னேன். தொடப்பம் ஒரு நாளு அவரு கையில பட்டதில்ல."

நடவும் களையெடுப்பும் ஏரியில் தண்ணீர் இருந்தால்தான் உண்டு, ஆண்டு முழுக்க நம்பி இருந்தது இந்த ஒரு வேலையைத்தான் என்றார். அழவில்லை. என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் படிக்க முடியாது. எனக்கு அந்தத் தாளைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. முந்தின ஆண்டு நகலில், 'ஆண் 1' என்பதற்குப் பக்கத்தில், பச்சை மையில் டிக் இருந்தது. என்னுடைய டிக்.

அவரை அனுப்பிவிட்டு முந்தின ஆண்டு நாட்குறிப்பைப் பார்த்தேன். அந்த ஊருக்கு நான் போன நாள் பதிவாகியிருந்தது. ஏரி நிரம்பி, உபரிநீர் வழியும் கலங்கலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, பாதை மூடிவிட்டது. இந்தக் கரையில் டீக்கடையில் உட்கார்ந்தேன். ஊர் எழுத்தர் ராஜவேலு பதிவேட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்து காட்டினார். பார்த்தேன், டிக் போட்டேன். 'சரிபார்ப்பு முடிந்தது' என்று எழுதியிருக்கிறேன். டீக்கடை பற்றியும் எழுதியிருக்கிறேன். நாட்குறிப்பில் பொய் சொல்லவில்லை. படிவத்தில்தான் சொல்லியிருந்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போனேன். தணிகாசலம் சாரிடம் இரண்டு தாள்களையும் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் பச்சை டிக்கைப் பென்சிலால் தொட்டார்.

"இது யாரோடது?"

"என்னுது சார்."

"ஆளைப் பார்த்தீங்களா, பேப்பரைப் பார்த்தீங்களா?"

"பேப்பரை, சார்."

"எழுதிக் கொடுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்து, தேதி முத்திரை வைத்துக் கோப்பில் சேர்த்தார். இதன்மேல் எனக்கு மெமோ வரும் என்றும் சொன்னார். வரட்டும் சார், அந்த ஊர்க் கணக்கை மட்டும் திருத்தி அனுப்ப அனுமதி கொடுங்கள் என்றேன். தலையசைத்தார், ஆனால் அது சம்மதம் இல்லை.

"ஒரு ஊருக்கு மட்டும் திருத்தினா அது சிபாரிசு. எல்லா ஊருக்கும் திருத்தினா அது கணக்கு. இந்த ஒரு ஊர்லதான் இப்படின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. மாவட்டத் தொகுப்பு சென்னைக்குப் போக மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் வட்டாரத்திலுள்ள எல்லாப் பள்ளிகளையும் பார்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வாசலுக்கு வந்த பிறகுதான் எத்தனை ஊர் என்று எண்ணிப் பார்த்தேன்.

திரும்பும் பஸ்ஸில் முறையை எழுதிக்கொண்டேன். காலை மணி அடிப்பதற்கு முன்னாலும் மாலை மணி அடித்த பின்னாலும்தான் பெருக்குவார்கள். அந்த நேரத்தில் போக வேண்டும். சொல்லாமல் போக வேண்டும். யார் பெருக்குகிறார் என்று கேட்கக் கூடாது, கேட்டால் பதிவேட்டில் உள்ள பெயரைத்தான் சொல்வார்கள். துடைப்பம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்த பிறகே பெயர் கேட்க வேண்டும். எப்போதிலிருந்து என்று தலைமையாசிரியரிடம் ஒரு முறை, பக்கத்து வீட்டில் ஒரு முறை. இரண்டும் ஒத்துப்போனால் எழுத வேண்டும்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த பாயிடம் நல்ல வண்டியாக ஒன்று கேட்டேன். மூன்று வாரத்துக்கு என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், எலக்சனுக்கு நிக்கப் போறீங்களா?" என்றார். விவரம் சொன்னதும், பேஜார் பிடித்த வேலை என்று சொல்லிக்கொண்டே புது டியூப் போட்டுக் கொடுத்தார்.

முதல் நாள் நான்கு பள்ளி பார்த்தேன். நான்கிலும் பதிவில் ஆண் பெயர். துடைப்பம் பெண் கையில். ஒன்றில் மாமனார் பெயர். அவர் படுத்த படுக்கையாக இருந்தார். இரண்டாம் நாள் ஒரு பெண்ணிடம் உங்கள் கணவர் எப்போதாவது பெருக்குவாரா என்று கேட்டேன். "வூட்லயே படுத்த பாயச் சுருட்ட மாட்டாரு, இஸ்கூலயா பெருக்குவாரு" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார்.

முதல் வாரம் முடிவதற்குள் எழுத்தர்களுக்குள் செய்தி பரவிவிட்டது. ஓர் ஊரில் எனக்கு முன்பே கணவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, குனியத் தெரியாமல், புழுதியைத் தன் காலின்மேலேயே தள்ளிக்கொண்டிருந்தார். அடிபம்புக்குப் பக்கத்தில் குடத்தோடு நின்ற அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "யோவ், தொடப்பத்தத் திருப்பிப் புடியா, மானம் போவுது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்துவிட்டார். மனைவியின் பெயரை எழுதிக்கொண்டேன்.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. உண்மையாகவே ஆண் பெருக்கிய பள்ளிகள் உண்டு. அவற்றை அப்படியே எழுதினேன். யாருமே பெருக்காத பள்ளிகளும் உண்டு. அங்கே பிள்ளைகளே பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் 0 என்று எழுதியபோது தலைமையாசிரியர் மாற்றச் சொல்லி இரண்டு கிலோமீட்டர் என் கூடவே நடந்து வந்தார். மாற்றவில்லை.

கன்னியம்மாள் ஊரைக் கடைசி வாரத்துக்கு வைத்திருந்தேன். ஏன் என்று இப்போது யோசித்தால், அங்கே நான் என் டிக்கை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும் என்பதால்தான் என்று நினைக்கிறேன். அது பிசகாகப் போயிற்று. நான் போன காலை, பள்ளி முற்றத்தில் ஓர் ஆள் பெருக்கிக்கொண்டிருந்தார். எழுத்தர் ராஜவேலுவின் மச்சான். மூன்று நாளாக வருகிறாராம். ராஜவேலு வேப்பமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

"வாங்க சார். கண்ணால பாத்தாத்தான் எழுதுவீங்கன்னு ஊரு பூரா பேசிக்கினு கீறாங்க. பாருங்க. எழுதுங்க."

என் விதியை எனக்கே திருப்பிக் காட்டினார். பக்கத்து வீட்டு வாசலில் கன்னியம்மாள் நின்றிருந்தார். கூப்பிடாமல் வரக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அங்கிருந்து நகரவில்லை.

படிவத்தின் தலைப்பை ஒரு முறை வாசித்தேன். மார்ச் 31 அன்று பணியில் இருந்தவர். இன்று யார் பெருக்குகிறார் என்பது கேள்வி இல்லை. அன்று யார் பெருக்கினார் என்பதுதான். அதை ராஜவேலுவிடம் சொன்னேன். "அன்னிக்கு யாரும் இல்ல சார், ஏழுமலை தையிலயே பூட்டாரே" என்றார் அவர். தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவர் ராஜவேலுவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். ஒன்பது ஆண்டாக ஏழுமலை பெயரில் வருகை போட்டவர் அவர். உண்மையைச் சொன்னால் தன் தலைக்கு வரும் என்ற பயம். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

பள்ளியில் உள்ள பதிவேடுகளை எல்லாம் மேசைமேல் வைக்கச் சொன்னேன். வருகைப் பதிவில் தை மாதத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை. கடைசியில் கிடந்தது சாமான் பதிவேடு. துடைப்பம், வாளி, பினாயில் எது கொடுத்தாலும் அதில் எழுதி, வாங்கியவரிடம் கைநாட்டு வாங்குவார்கள். அதை யாரும் ஒளித்துவைக்க நினைத்திருக்க மாட்டார்கள். ஏடுகளைப் புரட்டினேன். மார்ச் முதல் வாரத்தில் ஒரு பதிவு: துடைப்பம் இரண்டு, வாளி ஒன்று. பெற்றவர் பெயர் என்ற இடத்தில் 'மேற்படி'. அதற்கு மேல் வரியிலும் 'மேற்படி'. அப்படியே ஏறிக்கொண்டு போனால் பக்கத்தின் உச்சியில் 'ஏழுமலை' என்றிருந்தது. மார்ச் பதிவுக்கு நேரே தெளிவாக ஒரு கைநாட்டு.

ஊரின் பிறப்பு இறப்புக் கணக்கு வைத்திருந்த கிராம முன்சீப் வீடு இரண்டு தெரு தள்ளி. போய் இறப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, ஏழுமலை இறந்த தேதியைக் குறித்துக்கொண்டு திரும்பினேன். ஜனவரி மாதம். இரண்டு தேதிகளையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதித் தலைமையாசிரியர் முன்னால் வைத்தேன்.

"சார், ஜனவரியில இறந்தவர் மார்ச்ல வந்து துடைப்பம் வாங்கினாரா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதிவேட்டை அருகில் இழுத்துப் பார்த்தார். அந்த 'மேற்படி' அவர் கையெழுத்துதான்.

கன்னியம்மாளை அழைத்து, கைநாட்டு வைப்பது வலது கையா, இடது கையா என்று கேட்டேன். இடது கையை நீட்டினார். கட்டைவிரலின் குறுக்கே பழைய வெட்டுத் தழும்பு ஒன்று சாய்வாக ஓடியது. சிறு வயதில் அரிவாள்மணையில் பட்டதாம். பதிவேட்டில் அந்த ரேகையின் குறுக்கேயும் வெள்ளையாக ஒரு சாய்வுக் கோடு. முந்தின ஆண்டுப் பதிவில் அதே கோடு. ஒன்பது ஆண்டுக்கு முந்தின முதல் பதிவிலும் அதே கோடு.

"அவதான் வச்சா," என்றார் தலைமையாசிரியர். "எப்பவும் அவதான். எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன்."

ராஜவேலு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் மச்சான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நான் வர்ல மாமா இந்த வம்புக்கு" என்று துண்டை உதறிக்கொண்டு நடந்துவிட்டார். முற்றம் பாதிதான் பெருக்கியிருந்தது. கன்னியம்மாள் மீதியைப் பெருக்க ஆரம்பித்தார். நான் பெயர், ஆண்டு, தேதி எல்லாம் எழுதி, பச்சை மையைத் திறந்து, அவர் துடைப்பம் பிடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டே டிக் போட்டேன்.

குறித்த நாளைக்கு ஒரு நாள் முன்னால் திருத்திய தொகுப்பு காஞ்சிபுரம் போனது. தணிகாசலம் சார் கீழிருந்து மேலாகக் கூட்டினார். பிறகு, 'இவ்வாண்டு எண்கள் நேரில் கண்டு எடுக்கப்பட்டவை. முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுபவர்கள் இதைக் கருத்தில் கொள்ளவும்' என்று தன் கையால் அடிக்குறிப்பு எழுதினார். பிற்பாடு தட்டச்சில் எங்கோ அந்தக் குறிப்பு விடுபட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இளைஞர் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டார். சொன்னபடி எனக்கு மெமோவும் வந்தது. 'நேரில் பாராமல் சரிபார்த்ததாகச் சான்றளித்தது' என்ற கண்டனம் என் பணிப்பதிவேட்டில் ஏறியது. கடைசிவரை அதில் இருந்தது. மேல்முறையீடு செய்யவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து எழுத்தர்களுக்குப் பழைய நகலைக் கொடுப்பதை நிறுத்தினேன். எங்கள் கணக்கு அதன்பின் ஒருபோதும் முதலில் போய்ச் சேரவில்லை.

கன்னியம்மாளுக்குத் தொடர்ந்து வேலை பார்க்க ஆணை, அவர் பெயரிலேயே வந்தது. வாங்கிப்போக வந்த அன்று, தான் கணக்கில் எங்கே இருக்கிறார் என்று காட்டச் சொன்னார். அவர் ஊர்ப் படிவத்தை எடுத்து, பகுதிநேரம் பெண் என்ற கட்டத்தைக் காட்டினேன். அதில் ஒரே ஒரு கோடு, 1 என்று.

"இதுதான் நானா?"

"ஆமா."

"பேரு இல்லியே சார்."

இதில் பெயர் எழுத மாட்டோம், எண்ணிக்கை மட்டும்தான் என்றேன். வட்டாரத் தொகுப்பையும் காட்டினேன். எல்லா ஊர்ப் பெண்களும் சேர்ந்து அதில் ஒரே எண்ணாக இருந்தார்கள். அதையும் உற்றுப் பார்த்தார். "இதுக்குள்ளயும் கீறனா?" என்று கேட்டார். இருக்கிறீர்கள் என்றேன். சரி என்று தலையசைத்துவிட்டு, மாலை மணிக்குள் பள்ளிக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

இளம் அதிகாரிக்கு நான் எழுதிய பதிலின் கடைசிப் பகுதி இது: அந்த ஆண்டு எங்கள் வட்டாரத்தில் பெண்கள் யாரும் புதிதாக வேலைக்கு வரவில்லை; ஆண்கள் யாரும் வேலையை விட்டுப் போகவில்லை. பத்தி மாற்றி எழுதிய பிழைதான், நீங்கள் நினைத்தது சரி. ஆனால் பிழை அந்த ஆண்டில் இல்லை. அதற்கு முந்தைய எல்லா ஆண்டுகளிலும் இருக்கிறது. அவற்றை என்னால் இனித் திருத்த முடியாது. இந்த ஒரு புள்ளியைச் சமன் செய்யாதீர்கள். அதிலுள்ள ஒவ்வொருவரையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன்.